மூன்றாம் ஓலைக்கு முன் ஒரு பாத்ரூம்

டைல்ஸ் கடைக்குப் போகும் வழியிலேயே வெரோனிகா தன் அக்காவிடம் சொல்லிவிட்டாள்.

“இன்னிக்கு அவர் ஒரு விஷயத்துக்காவது தன் வாயால ‘இது பிடிக்குது, இது பிடிக்கல’ன்னு சொல்லணும். இல்லன்னா கடையிலேர்ந்து நேரா ஃபாதரைப் பாக்கப் போறேன்.”

“பாத்து?”

“நாளைக்கு மூணாவது ஓலை வாசிக்க வேணாம்னு சொல்லப் போறேன்.”

விமலா நடுரோட்டில் நின்றுவிட்டாள். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற ஸ்பெஷல் பஸ் ஒன்று அவள் முதுகுக்குப் பின்னால் நீளமாக ஹாரன் அடித்தது. ஜன்னலோரம் இருந்த ஒருவர் தலையை நீட்டி, “அங்காளம்மன்கிட்ட நாங்க போய்க்கிறோம்மா, நீ வழிய விடு” என்றார். வெரோனிகா அக்காவின் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாரும் இன்னார் மகள் இன்னாரும் திருமணம் செய்ய இருக்கிறார்கள், தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லவும் என்று பூசை முடிகிற நேரத்தில் அறிவிப்பு வரும். அலெக்சாண்டருக்கும் வெரோனிகாவுக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. ஊரில் யாருக்கும் ஒரு தடையும் தெரியவில்லை. கல்யாணப் பெண்ணுக்குத்தான் தெரிந்திருந்தது.

தடை இரண்டே வார்த்தை. ‘உங்க இஷ்டம்.’

பெண் பார்க்க வந்த அன்று, கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகலாமா என்று கேட்டாள். “உங்க இஷ்டம்.” நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டாள். கல்யாணப் புடவை என்ன நிறம் என்று போனில் கேட்டாள். “உங்க இஷ்டம்.” மண்டபமா, கோயில் வளாகத்திலேயே பந்தலா? “உங்க இஷ்டம்.” சாப்பிட்டீங்களா என்று கேட்டதற்கும் ஒருநாள் அதே பதில் வந்தபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

பயத்துக்குக் காரணம், விமலாவின் புருஷன் ராஜாங்கம். ராஜாங்கம் மாமாவும் இப்படித்தான் ஆரம்பித்தார். ஃப்ரிட்ஜ் என்ன கலர்? உன் இஷ்டம். பிள்ளையை எந்த ஸ்கூலில் சேர்ப்பது? உன் இஷ்டம். பிறகு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் ஆனது. “நீதானே சிவப்பு கேட்ட?” பிள்ளை கணக்கில் பெயில் ஆனான். “நீதானே அந்த ஸ்கூலு சொன்ன?” மழை பெய்து, காயப்போட்ட மல்லாட்டைக் கடலை நனைந்ததற்குக்கூடப் பழி விமலாவுக்குத்தான், அன்றைக்குக் காயப்போடச் சொன்னது அவள்தானே. பத்து வருடத்தில் அந்த வீட்டில் ராஜாங்கம் ஒரு தப்பும் செய்ததில்லை. எதையாவது முடிவு செய்தால்தானே தப்பு வரும்?

அதுவும் வெரோனிகா செய்கிற வேலை வேறு அப்படிப்பட்டது. செஞ்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பவர் பார்ப்பவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை மாற்றி மாற்றி லென்ஸ் போட்டு, “இது நல்லா தெரியுதா, அது நல்லா தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். எண்பது வயசுத் தாத்தாகூட, “மொதல்ல போட்டதுதான்மா” என்று பளிச்சென்று சொல்லிவிடுவார். ஒருத்தர்கூட இதுவரை “உங்க இஷ்டம்” என்று சொன்னதில்லை.

கடை வாசலில் மாமியாராகப் போகும் சவரியம்மாள் காத்திருந்தாள். பக்கத்தில், கடைப் பலகையில் தலை இடிக்காமல் சற்றுக் குனிந்தபடி அலெக்சாண்டர். போர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். வெரோனிகாவைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரித்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சவரியம்மாளின் முழங்கை அவன் விலாவில் இடித்தது. வாயை மூடிக்கொண்டான்.

“வாம்மா வெரோனி. வா விமலா. வெயில்ல வந்துட்டீங்க. உன் பாத்ரூமு, உனக்குப் பிடிச்ச மாதிரி எடுத்துக்க கண்ணு. நாங்க ஒண்ணும் பேச மாட்டோம்.”

இந்தக் கல்யாணத்துக்காகத்தான் அவர்கள் வீட்டில் பின்பக்க அறையைப் புதுமணத் தம்பதிக்கு ஒதுக்கி, அதை ஒட்டியிருந்த பழைய குளியலறையை இடித்து வைத்திருந்தார்கள். கொத்தனார் திங்கட்கிழமை வந்து நிற்பார். அதற்குள் டைல்ஸ் போயாக வேண்டும்.

கடைக்காரர் தாண்டவராயன், பட்டுப்புடவைக் கடைக்காரர் மாதிரி டைல்ஸை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் சாய்த்துக் காட்டுகிறவர்.

“சுவத்துக்கு இது பாரும்மா. சந்தனக் கலரு. கண்ணுக்குக் குளிர்ச்சி. இது கடல் பச்சை. இது கருப்பு, வெள்ளிக் கோடு போட்டது. ஓட்டல்ல எல்லாம் இப்ப இதான்.”

“ஓட்டல்ல தினம் ஒரு ஆள் கழுவுவான். வீட்ல யாரு கழுவறது?” என்றாள் விமலா.

“உங்களுக்கு எது பிடிச்சிருக்குது?” என்று வெரோனிகா நேராக அலெக்சாண்டரைக் கேட்டாள்.

அவன் கருப்பைப் பார்த்தான். பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா, ஆசை இருந்ததா என்று அவளுக்குப் புரியவில்லை.

“உங்க இஷ்டங்க.”

வெரோனிகா அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். விமலா சுவரைப் பார்த்தாள்.

கமோடு வரிசைக்குப் போனார்கள். “வெஸ்டர்னா, இந்தியனா?” என்றார் தாண்டவராயன். இது அப்படி ஒன்றும் பெண்ணிடம் விட்டுவிடுகிற கேள்வி இல்லை என்று வெரோனிகா நம்பினாள்.

“உங்க இஷ்டங்க.”

தாண்டவராயனுக்கே பொறுக்கவில்லை. “தம்பி, உக்காரப் போறது நீயும்தான்யா.”

“அவங்க எப்படிச் சொல்றாங்களோ அப்படி” என்றான் அலெக்சாண்டர். நெற்றியில் வியர்வை பொடித்தது.

தரைக்கு வந்தபோது கொஞ்சம் வெளிச்சம் தெரிந்த மாதிரி இருந்தது. வெள்ளையில், மூலைக்கு மூலை ஒரு நீல இதழ் போட்ட டைல் ஒன்றை வெரோனிகாவுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. “இதுதான்” என்றாள். சவரியம்மாளும் நல்லா இருக்குதென்றாள். சேர்த்து வைத்தால் இன்னும் அழகாக இருக்கும் என்று தாண்டவராயன் நான்கு டைல்ஸைத் தரையில் பொருத்தி வைத்தார்.

நான்கு மூலையும் சேர்ந்த இடத்தில் நான்கு நீல இதழும் சேர்ந்தன. சவரியம்மாள் நெஞ்சில் கை வைத்தாள்.

“ஏசுவே! சிலுவை!”

“எங்கம்மா சிலுவை?” என்றார் தாண்டவராயன்.

“இதோ! நடுவுல! இது மேல நின்னுக்கினு குளிக்கச் சொல்றியா? சோப்புத் தண்ணி எல்லாம் இது மேல ஓடும்ல? பாவம் வந்து சேராது?”

“அது பூவும்மா. நாலு இதழ் பூ. போன மாசம் ஒரு பூசாரி வீட்டுக்கு இதே டைல்ஸ்தான் போச்சு. அவர் வேப்பிலைன்னு சொல்லி ஆசையா எடுத்துக்கினு போனாரு.”

“அவருக்கு வேப்பிலை. எனக்குச் சிலுவை.”

விமலா தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். “இங்கேர்ந்து பாத்தா காத்தாடி மாதிரி இருக்குது அத்தை.”

“நீ இங்க வந்து நின்னு பாரு.”

விமலா இடம் மாறி நின்றாள். இப்போது அவளும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

வெரோனிகாவுக்கு ஒரு வழி தோன்றியது. டைல்ஸ் பிடித்திருக்கிறதா என்று கேட்க வேண்டாம், கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று கேட்டால் போதும். இதற்கு ஒருவன் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். கண் இருக்கிற யாரும் சொல்லலாம். அவள் அலெக்சாண்டரைப் பார்த்து மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

“நீங்க சொல்லுங்க. இது பூவா, சிலுவையா?”

கடை முழுக்க அவன் வாயைப் பார்த்தது. அவன் டைல்ஸைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். அம்மாவின் முழங்கையைப் பார்த்தான்.

“அது… உங்க இஷ்டங்க.”

தாண்டவராயன் கையிலிருந்த ஐந்தாவது டைலைக் கீழே வைத்துவிட்டு, “நான் போய் டீ சொல்லிட்டு வரேன்” என்று எழுந்தார்.

வெரோனிகா இதற்குமேல் காத்திருக்கத் தேவையில்லை என்று முடிவு செய்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பைப்பு பார்க்கிற சாக்கில் அலெக்சாண்டரை வாஷ்பேசின் அடுக்குக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு கையிலும் இரண்டு பைப்பை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“இதுவா, அதுவா? தப்பான பதில்னு ஒண்ணும் கிடையாது. எதையாவது ஒண்ணச் சொல்லுங்க. கண்ண மூடிக்கினு சொன்னாக்கூடப் பரவால்ல.”

அவன் இடது பைப்பைப் பார்த்தான். உதடு துடித்தது. ‘இ’ என்று ஆரம்பித்தது போலக்கூட இருந்தது. அடுக்குக்கு அந்தப் பக்கமிருந்து சவரியம்மாள் இருமினாள்.

“எதுவா இருந்தாலும்… உங்க…”

“இஷ்டம்?”

“ம்.”

வெரோனிகா பைப்புகளை அதது இருந்த இடத்தில் ஜாக்கிரதையாக வைத்தாள். அழுகை வரும் போலிருந்தது. இந்த ஆளின் சிரிப்பு அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது, அதுதான் கஷ்டம். “சரிங்க. நான் கிளம்பறேன். எனக்குக் கோயில்ல ஒரு வேலை இருக்குது” என்றாள்.

அவன் திகைத்து நின்றான். அவள் கைப்பையை எடுக்க முன்பக்கம் வந்தாள். அங்கே சவரியம்மாள், டீ சொல்லிவிட்டுத் திரும்பி வந்த தாண்டவராயனிடம் கதவுக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பிளாஸ்டிக் கதவுதான். ரெண்டு போடு. ஒண்ணு பசங்க ரூமு பக்கம். இன்னொண்ணு எங்க கூடத்துப் பக்கம்.”

“ஒரு பாத்ரூமுக்கு ரெண்டு கதவாம்மா?”

“பின்ன? அலெக்ஸோட நைனாவும் இதைத்தானே இத்தனை வருசமாப் பொழங்கறாரு. காலைல பேப்பரை எடுத்துக்கினு உள்ள போனாருன்னா விளையாட்டுப் பக்கம் வரைக்கும் முடிச்சிட்டுத்தான் வருவாரு. புதுசாக் கட்டிட்டு வயசானவரை வெளிய அனுப்ப முடியுமா? அவர் இந்தப் பக்கமா வருவாரு, இவங்க அந்தப் பக்கமா வரட்டும்.”

வெரோனிகாவின் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. மாமனார் மதலைமுத்து நல்ல மனிதர். ஆனால் தினமும் காலையில் தன் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே அவர் பேப்பரோடு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தபோது கண் இருண்டது. வேண்டாம் என்று சொல்ல, இன்னும் கழுத்தில் தாலிகூட ஏறாத மருமகளுக்கு எப்படி வாய் வரும்? விமலா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிப்பா, அதிர்ச்சியா தெரியவில்லை.

“உன்னத்தான் கேக்கறேன் அலெக்ஸு. ரெண்டு கதவு போட்டுடலாமில்ல?” என்றாள் சவரியம்மாள், மகனின் பதிலை முன்பே அறிந்தவளாக.

“வேணாம்.”

யார் பேசியது என்று எல்லோரும் தேடினார்கள். அலெக்சாண்டர் வாஷ்பேசின் அடுக்கைத் தாண்டி வந்து நின்றான். காது மடல் சிவந்திருந்தது.

“இன்னாடா?”

“வேணாம்மா. ஒரு கதவுதான். எங்க ரூமு பக்கம் மட்டும். நைனாவுக்குப் பின்னாடி தனியா ஒண்ணு கட்டிடலாம், எடம் இருக்குது. நைனா உள்ள பேப்பர் படிச்சிக்கினு இருப்பாரு, இவங்க ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சுன்னு துண்டும் கையுமா நிப்பாங்களா? நானே இத்தனை வருசமா நின்னுட்டேன். எங்க ரெண்டு பேருக்குன்னு… சாத்திக்கிறதுக்கு… ஒரு…”

அதற்குமேல் சொல்ல முடியாமல் நிறுத்தினான். தாண்டவராயன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். வெரோனிகாவின் முகம் சூடேறியது. இந்த ஆளிடமிருந்து முழுசாக ஒரு வாக்கியம் இன்றுதான் கேட்கிறாள்.

சவரியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தாள். “முடிஞ்சுது. வாயைத் தொறந்துட்டான். மூணாவது ஓலை வாசிக்கிற வரைக்கும் தொறக்காதடான்னு மாதா பேரைச் சொல்லிக் கெஞ்சினேனே! இன்னும் ஒரு நாள்டா! ஒரே ஒரு நாள்!”

“தொறந்தா என்ன அத்தை?” என்றாள் வெரோனிகா மெதுவாக.

“உனக்குத் தெரியாது கண்ணு. திண்டிவனத்துல ஒரு பொண்ணு பாத்தோம். போன உடனே அவங்கப்பன்கிட்ட ‘உங்க மாடிப்படி செங்குத்தா இருக்குது, இடிச்சிட்டுக் கட்டுங்க’ன்னுட்டான். வந்தவாசியில பஜ்ஜி குடுத்தாங்க. ‘எண்ணெய் பழசு’ன்னான். மேல்சித்தாமூர்ல பொண்ணே நல்லாப் பேசுச்சு. ‘நீங்க ரொம்ப வேகமாப் பேசறீங்க, மெதுவாப் பேசுங்க’ன்னுட்டான். இவனுக்கு எல்லாத்துக்கும் ஒரு கருத்து இருக்குது! அதான் உங்க வீட்டுக்கு வரும்போதே சொல்லிட்டேன். எதைக் கேட்டாலும் ‘உங்க இஷ்டம்’னு மட்டும் சொல்லு, மிச்சத்தை மாதா பாத்துக்குவாங்கன்னு.”

வெரோனிகா அலெக்சாண்டரைப் பார்த்தாள். “அப்ப அந்த டைல்ஸ்?”

அணை உடைந்தது.

“சிலுவைதாங்க அது. யாரு பாத்தாலும் சிலுவைதான். அதில்லாம, வழவழன்னு இருக்குது, ஈரத்துல கால் வச்சா நேரா கவர்மெண்ட் ஆஸ்பத்திரிதான். அந்தக் கருப்பு டைல்ஸைப் பாத்தா எனக்குக் கோவமா வருது. சந்தனமும் வேணாம், நம்ம போர் தண்ணி உப்பு, ஆறு மாசத்துல வெள்ளை வெள்ளையாப் படிஞ்சி அசிங்கமாயிடும். அந்த எடது கைப் பைப்பு நல்லா இருந்துச்சு. வலது கைல இருந்தது வாத்து மாதிரி இருந்துச்சு. அப்புறம் கல்யாணப் புடவை ரோஸ் கலர் எடுத்தீங்களே…”

“அதுக்கு என்ன?” என்றாள் வெரோனிகா. குரலில் கூர் ஏறியது.

“மயில் கழுத்துப் பச்சை எடுத்திருக்கலாம். உங்களுக்கு நல்லா இருந்திருக்கும்.”

சவரியம்மாள் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தாள்.

“புடவை எனக்குப் பிடிச்சு எடுத்தது. மாத்த மாட்டேன்” என்றாள் வெரோனிகா. “அப்புறம், உப்பு வெள்ளையாத்தானே படியும்? சந்தனத்து மேல வெள்ளை படிஞ்சா யாருக்குத் தெரியும்? கடல் பச்சையிலதான் பளிச்சினு தெரியும். யோசிச்சீங்களா?”

அலெக்சாண்டர் யோசித்தான். நெற்றியைச் சொறிந்தான். “ஆமா. அது சரிதான். சந்தனமே இருக்கட்டும்.”

விமலா அவனை அதிசயமாகப் பார்த்தாள். ‘அது சரிதான்’ என்று ஒரு ஆண்பிள்ளை வாயால் கேட்டு அவளுக்குப் பத்து வருடமாகிறது. வெரோனிகா அந்தப் பார்வையைக் கவனித்தாள். தன் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறங்கி வசதியாக உட்கார்ந்துகொண்டதையும் கவனித்தாள்.

“ஆனா புடவை?” என்றான் அவன்.

“மாத்த மாட்டேன்.”

“சரி. சொல்லி வச்சேன், அவ்ளோதான்.”

டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை. அவர்கள் இருவரும் ஷவர் மாட்டியிருந்த சுவருக்குப் போய்விட்டார்கள். அலெக்சாண்டர் ஒரு சாக்பீஸால் தன் தலைக்கு மேலே கோடு போட்டான். “ஷவரும் திருகறதும் சேந்தே இங்க வரணும்.” வெரோனிகா குதிகாலைத் தூக்கிக் கையை நீட்டினாள். எட்டவில்லை. “அப்ப நான் குளிக்க ஏணி வாங்கித் தருவீங்களா?” கோட்டை அழித்துத் தன் உச்சந்தலைக்குச் சற்று மேலே போட்டாள். “இங்க வச்சா நான் குனிஞ்சி குனிஞ்சி முதுகு போயிடும்” என்றான். நடுவில் ஒரு கோடு வந்தது. அதையும் அழித்தார்கள்.

“எதுக்குச் சண்டை? கைல புடிச்சிக் குளிக்கிற ஷவர் போட்டுடலாம்” என்றார் தாண்டவராயன்.

“வேணாம்!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

“அந்த ஓஸ் ஒழுகும்” என்றான் அவன்.

“ஒரு கை அதுக்கே போயிடும்” என்றாள் அவள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது வெரோனிகாதான்.

சவரியம்மாள் எழுந்து வந்தாள். முகம் வாடியிருந்தது. “கண்ணு, நான் மறைச்சது தப்புதான். இவன் இப்படித்தான். நாளைக்கும் இப்படித்தான், சாகற வரைக்கும் இப்படித்தான் பேசுவான். கோயிலுக்குப் போகணும்னியே. எதுக்குன்னு எனக்கு ஒரு மாதிரி புரிஞ்சிடுச்சு. நீயே சொல்லிடு. நாளைக்கு ஓலை வாசிக்கலாமா, வேணாமா?”

அலெக்சாண்டரின் கையில் சாக்பீஸ் அப்படியே நின்றது. ஓலையை நிறுத்துகிற அளவுக்கு ஒன்று நடக்க இருந்தது என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. இத்தனை கருத்துள்ள மனிதனுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பேச்சு நின்றுபோனதைப் பார்த்து வெரோனிகாவுக்குப் பாவமாக இருந்தது.

“உங்களுக்கு என்ன தோணுது?” என்று அவனையே கேட்டாள்.

“வாசிக்கணுங்க” என்றான். குரல் உடைந்து வந்தது. “மொத ஓலைக்கு முன்னாடியிலேர்ந்தே அதான் தோணுது.”

“எனக்கும் அதான் அத்தை” என்றாள் வெரோனிகா. “வாசிக்கட்டும்.”

சவரியம்மாள் அவள் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துக்கொண்டாள். டைல்ஸ் தூசி வெரோனிகாவின் முகத்தில் அப்பியது.

“அப்ப தரைக்கு எந்த டைல்ஸு? சொன்னா வண்டில ஏத்திடுவேன்” என்றார் தாண்டவராயன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டிலிருந்து இரண்டாவது முறையாக போன் வந்துகொண்டிருந்தது.

“சொரசொரப்பா இருக்கணும்” என்றான் அலெக்சாண்டர்.

“சொரசொரப்பா இருந்தா அழுக்கு போகாது. தேய்க்கப் போறது யாரு?”

“நான் தேய்க்கிறேன்.”

“இப்ப சொல்வீங்க.”

“விமலாக்காவை சாட்சி வச்சிச் சொல்றேன்.”

“என்னை இழுக்காதீங்க தம்பி” என்றாள் விமலா. ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தபடி சிமெண்ட் மூட்டையில் சவரியம்மாளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டாள். “நீங்களே முடிவு பண்ணுங்க. நான் பாத்துக்கினு இருக்கேன், எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”